ஒரு சாவி, இரண்டு பூட்டு

நம் சங்கங்களின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டு என்பதை அங்கத்தினர் அறிவர். ஒன்று காரியதரிசியிடமும் மற்றொன்று வேறொரு பொறுப்பாளரிடமும் இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. காரியதரிசி நாணயமற்றவர் என்று எண்ணி இவ்வேற்பாட்டைச் செய்யவில்லை. மனிதர் எவரும் ஒருநாள் தவறக்கூடும். அத்தவறு பொதுப்பணத்தைத் தொடாதிருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. பணத்திற்குக் காட்டும் இந்த முன்யோசனையை நாம் உயிருக்குக் காட்டுகிறோமா?

சென்ற ஆண்டு ஆய்வுக்காக ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். விசைத்தறிக் கூடத்தில் மின்வாரிய இணைப்பிற்கு ஒரு சுவிட்சும் டீசல் ஜெனரேட்டருக்கு ஒரு சுவிட்சும் சுவரில் தனித்தனியே இருந்தன. நடுவே, "மெயினை அணைத்த பிறகே ஜெனரேட்டரைப் போடவும்" என்றெழுதிய அட்டை தொங்கியது. "இத்தனை வருஷமாக ஒரு குறையும் நேர்ந்ததில்லை, சார்" என்றார் காரியதரிசி. "இரவு முறைக்கு வருபவர் அனைவரும் இந்த அட்டையைப் படிப்பார்களா?" என்று கேட்டேன். அவர் பதில் கூறவில்லை.

மெயினை அணைக்க மறந்து ஜெனரேட்டரை ஓட்டினால் நேர்வது என்ன? தெருக்கோடியிலுள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை ஏறத்தாழ 400 வோல்ட்டாகக் குறைத்து நமக்கு அளிக்கிறது. ஆனால் அது ஒருவழிப் பாதையன்று. நம் பக்கத்திலிருந்து 400 வோல்ட்டைச் செலுத்தினால், மறுபக்கத்தில் 11,000 வோல்ட்டை எழுப்பிவிடும். ஊர்ச்சுமை முழுவதும் மேலே விழுந்தால் சிறு ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும் என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். கம்பி அருகிலேயே அறுந்திருந்தால், அல்லது சுவிட்சைத் திறந்து வைத்திருந்தால், சுமை குறைவாகவே இருக்கும், ஜெனரேட்டர் நிற்காது. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் கையில் அது பாயும்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன. குடிநீருக்காக ஊர்தோறும் ஜெனரேட்டர்கள் ஓடின. அதே நாட்களில் வெளியூர்களிலிருந்து வந்த மின்பணியாளர்கள் வயல்களில் கம்பி இழுத்தனர். எந்த வீட்டில் எந்த ஜெனரேட்டர் ஓடுகிறது என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்?

இதற்கு மருந்து நெடுநாளாகவே உண்டு. மின்பணியாளர் அதனை இன்டர்லாக் என்பர். சேஞ்ச் ஓவர் சுவிட்சின் கைப்பிடி ஒரு நேரத்தில் ஒரு பக்கமே நிற்கும்: மெயின், அல்லது ஜெனரேட்டர், அல்லது நடுவில் இரண்டுமின்றி. பெரிய கூடங்களில் ஒரே சாவியை இரண்டு சுவிட்சுகளுக்கும் பொதுவாக வைப்பர். மெயினை அணைத்தாலன்றி அதன் பூட்டிலிருந்து சாவி வெளிவராது. அச்சாவி இன்றி ஜெனரேட்டர் சுவிட்சு திரும்பாது. நம் இரும்புப் பெட்டிக்கு ஒரு பூட்டு, இரண்டு சாவி. இங்கே இரண்டு பூட்டு, ஒரு சாவி. நோக்கம் ஒன்றே. துணை மின்நிலையத்திலும் இவ்வாறே, ஐசொலேட்டரைத் திறந்தாலன்றி அதனோடு சேர்ந்த எர்த் சுவிட்சை மூட இயலாதபடி பிணைத்திருப்பர்.

இரு மின்வழிகள் தற்செயலாய்க் கலவாதபடியும், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் பின்னோக்கிப் பாயாதபடியும் சுவிட்சுகள் பிணைக்கப்பட வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள் கூறின. 2023-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தில் வந்துள்ளன. எனினும் விதியைவிட வழக்கமே நம் கூடங்களில் வலிமையுடையதாக இருக்கிறது.

"மின்பணியாளர் கம்பியைச் சோதித்து எர்த் செய்த பின்னரன்றோ தொடவேண்டும்?" என்பர் சிலர். மெய்தான், அது அவர் கடமை. ஆயினும் அவர் கடமையில் ஒரு கணம் தவறினால் அதற்குத் தண்டனை நம் கூடத்திலிருந்து போகலாகாது. செலவாகுமே என்போருக்கும் ஒன்று கூறுவேன். ஜெனரேட்டர் வாங்கப் பணம் தேடிய நிர்வாகக் குழு, அதன் விலையில் சிறுபகுதியே ஆகும் சுவிட்சிற்குத் தயங்குவது பொருந்தாது.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறேன். ஜெனரேட்டர் உள்ள ஒவ்வொரு சங்கமும், நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு முனைச் சேஞ்ச் ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு அமைக்க வேண்டும். கூரைமேல் சூரியத் தகடு பதிப்போர், மின்வாரிய மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டர் கம்பிக்கு மின்சாரம் அனுப்புவதைத் தானே நிறுத்துகிறதா என்று கேட்டறிந்த பின்னரே பணம் தரவேண்டும். மூன்றாவது எங்களுக்குரியது: இருப்பையும் கணக்கையும் பார்க்கும் இன்ஸ்பெக்டர், சுவரிலுள்ள சுவிட்சையும் பார்த்து அறிக்கையில் எழுதவேண்டும். இதுநாள்வரை நானும் அதனை எழுதியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அட்டை நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் அது மறதியைத் தடுக்காது. பூட்டு தடுக்கும்.