பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடைபெறும் வேளையில் ஊரெல்லாம் அதே பேச்சாக இருக்கும். யார் வென்றார், யார் தோற்றார், எந்தப் பந்துக் காப்பாளர் எதைத் தவறவிட்டார் என்பதெல்லாம் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால், இருபது வயதுக்கு உட்பட்ட இளைஞருக்கென நடைபெறும் உலகப் போட்டிக்கு எந்தெந்த நாடுகள் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் தகுதிகாண் ஆட்டங்களை எத்தனை பேர் கவனிக்கின்றனர்? பத்திரிகையின் ஒரு மூலையில் நான்கு வரிச் செய்தி வந்தாலே பெரிது. பலர் காணும் இடத்தில் ஒழுங்காக நடப்பது எளிது. ஒருவரும் காணார் என்று எண்ணும் இடத்தில் ஒழுங்காக நடப்பதே அரிது. இவ்வுண்மையை உணர்த்தவல்ல ஒரு தகுதிகாண் போட்டியின் கதையை இவ்வாரம் வாசக நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

1988ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இடம், மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாடு. அடுத்த ஆண்டு சவூதி அரேபியாவில் நடைபெறவிருந்த இளைஞர் உலகப் போட்டிக்கு வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரிபியன் தீவுகள் ஆகிய பெரும் பிரதேசத்திற்கு ஒதுக்கப்பட்டிருந்தவை இரண்டே இடங்கள். இத்தகைய போட்டிகளில் ஒரு குழுவிலுள்ள அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதும். அக்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி. ஆட்டங்களோ மிகச் சில. ஒரு நாள் கால் தடுமாறினால் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆதலால், எப்படியாவது வென்றுவிட வேண்டும் என்னும் ஆசை அங்கே பெரியோரை எளிதிற் பற்றிக்கொள்கின்றது.

மெக்சிக்கோவை அந்த ஆசை பற்றியது. அந்நாடு உதைபந்தாட்டத்தில் ஏழை நாடன்று. 1986இல் உலகக் கிண்ணப் போட்டியைத் தன் மண்ணிலேயே நடத்தி, காலிறுதிவரை முன்னேறி, மேற்கு ஜேர்மனியிடம் தண்ட உதைகளிலேதான் தோற்றது. அத்தகைய நாடு, குவாத்தமாலாவுக்கு அனுப்பிய இளைஞர் அணியில் வயதெல்லையைக் கடந்த வீரர் குறைந்தது நால்வரைச் சேர்த்து அனுப்பியது. ஓரிரண்டு வயதில் என்ன வந்துவிடப் போகின்றது என்று சிலர் கேட்கலாம். வளரும் பருவத்தில் ஈராண்டு என்பது சிறிதன்று. தோளின் அகலம், ஓட்டத்தின் வேகம், நெருக்கடியிற் பதறாத மனம் ஆகிய யாவும் அந்த ஈராண்டில் ஏறிவிடும். பத்தொன்பது வயதினனோடு இருபத்திரண்டு வயதினனை மோதவிடுவது ஆட்டமாகாது.

இந்தப் பொய் வெளிப்பட்ட விதந்தான் விந்தை. எதிரிகள் வேவு பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. மெக்சிக்கோ உதைபந்தாட்டச் சம்மேளனம் தானே அச்சிட்டு வெளியிட்ட வருடாந்த மலரில், அவ்வீரர்களின் உண்மையான பிறந்த தேதிகள் காணப்பட்டன. போட்டிக்குக் கொடுத்த பத்திரத்தில் ஒரு வயது. வீட்டில் அச்சிட்ட நூலில் வேறொரு வயது! இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் செய்தியை எழுதினார். பொய் சொல்பவனுக்கு நினைவாற்றல் வேண்டும் என்று நம் பெரியோர் கூறுவது எத்துணை உண்மை!

முதலில் விதிக்கப்பட்ட தண்டனை இளைஞர் அணியோடு நிற்பதாக இருந்தது. விடயம் சர்வதேசச் சம்மேளனத்தின் முன் சென்றபோது தண்டனை குறையவில்லை, பன்மடங்கு பெருகியது. 1988 ஜூன் மாத இறுதியில், மெக்சிக்கோவின் எல்லாத் தேசிய அணிகளும் ஈராண்டுகளுக்குச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன.

விளைவு யாது? அவ்வாண்டு சியோல் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த மெக்சிக்கோ அணி வீட்டிலிருந்தது; அதனிடத்திற் சென்றது, அந்தப் பொய் அரங்கேறிய அதே குவாத்தமாலாவின் அணி. 1990ஆம் ஆண்டு இத்தாலியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியின் வாயிலும் மூடப்பட்டது. இங்கேதான் ஹூகோ சாஞ்செஸ் என்பாரை நாம் நினைக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் றியால் மட்றிட் கழகத்திற்கு ஆடிய இம்மெக்சிக்க வீரர், 1989-90ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்நாட்டு முதற்பிரிவு ஆட்டங்களில் 38 கோல்கள் அடித்தார். அதற்கு முன் ஒரே ஒருவர்தான் அவ்வெண்ணை எட்டியிருந்தார். ஆற்றலின் உச்சியில் நின்ற அவருக்கு, அந்தக் கோடையில் நடந்த உலகக் கிண்ணத்திற் கால் வைக்க வழியில்லை. அடுத்த உலகக் கிண்ணம் 1994இல் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறை எட்டிக்கொண்டிருந்தது. ஒரேயோர் ஆட்டத்திலேதான் ஆடினார். குவாத்தமாலாவில் யாரோ எழுதிய பொய்க்கும் இவருக்கும் என்ன தொடர்பு? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மெக்சிக்கோ இழந்த இடத்தைப் பெற்றுச் சவூதி அரேபியா சென்ற ஐக்கிய அமெரிக்க இளைஞர் அணியோ, அரையிறுதிவரை முன்னேறி நான்காம் இடத்தைப் பெற்றது. தகுதியுள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பைப் பொய் எவ்வளவு எளிதில் மறைத்திருக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மெக்சிக்கோ ஒன்றே இக்குற்றஞ் செய்தது என்று கருதலாகாது. நைஜீரிய வீரர் சிலரின் பிறந்த தேதி ஒரு போட்டிக்கு ஒன்றாகவும் மற்றொன்றுக்கு வேறாகவும் இருந்தமை கண்டு, 1989இல் அந்நாட்டின் இளைஞர் அணிகளும் ஈராண்டுக்கு விலக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டு இளைஞர் உலகப் போட்டியை நடத்தும் உரிமையும் அந்நாட்டின் கையைவிட்டுப் போர்த்துக்கல்லுக்குச் சென்றது. பின்னர் விஞ்ஞானம் துணைக்கு வந்தது. மணிக்கட்டருகே முன்கை எலும்பின் நுனியில், வளரும் பிள்ளைகளுக்குக் குருத்தெலும்புத் தகடு ஒன்று பிரிந்து தோன்றும்; வளர்ச்சி முடிந்ததும் அது எலும்போடு எலும்பாய் ஒன்றிவிடும். பதினேழு வயது நிரம்பாதோரிடத்து அவ்வாறு முற்றாக ஒன்றியிருத்தல் மிக அரிது. எக்ஸ் கதிரின்றிக் காந்தத்தின் உதவியாற் படம் எடுத்து இதனைக் கண்டறியும் முறை, 2009இல் நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியிற் கையாளப்பட்டது. போட்டியை நடத்திய நைஜீரியாவே தன் உத்தேச அணியிலிருந்து வீரர் பலரை விலக்க நேர்ந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் பொய் சொல்லலாம். எலும்பு பொய் சொல்வதில்லை. ஆயினும் இருபது வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு இம்முறை உதவாது. அவ்வயதில் எலும்பு பெரும்பாலும் ஒன்றிவிடுகின்றது. அங்கே இன்னமும் பெரியோரின் நேர்மையையே நம்ப வேண்டியிருக்கின்றது.

இவ்வரலாற்றில் எக்கணக்கிலும் எழுதப்படாத இழப்பு ஒன்றுண்டு. வயது கடந்த ஒருவன் அணியிற் புகுந்தபோது, உரிய வயதுடைய ஒரு பிள்ளை வெளியே நின்றான். அவன் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. ஆண்டுக்கணக்காய் விடியலில் எழுந்து பயின்ற அவனுக்கு, தன் இடம் ஏன் பறிபோயிற்று என்பதும் தெரிந்திராது. இனி, உள்ளே புகுந்தவனின் நிலை என்ன? தன் பிறந்த ஆண்டைக் கேட்டால் வேறோராண்டைச் சொல் என்று பெரியோராற் கற்பிக்கப்பட்டவன் அவன். பிள்ளைகளைக் காக்க வேண்டியவர்களே இவ்வாறு செய்யின், வேலியே பயிரை மேய்ந்த கதையன்றோ? வயதெல்லை என்பது பிள்ளைகளைத் தடுக்க இட்ட சுவரன்று. தம்மை ஒத்தாரோடு மோதித் தம் ஆற்றலைத் தாமே அறிந்துகொள்ள இட்ட பாத்தி.

அதே மெக்சிக்கோ, 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பெரு நாட்டின் லீமா நகரில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், பிரேசிலை மூன்றுக்குப் பூச்சியமென வென்றது. அந்நாடு எந்தப் பிரிவிலும் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. பொய்யான வயதினால் எட்ட முயன்ற புகழைப் பதினேழு ஆண்டுகளின்பின் பள்ளிப் பருவப் பிள்ளைகள் ஈட்டிக் கொடுத்தனர்.

நம் பிள்ளை முந்த வேண்டும் என்று விரும்பாத தாய் தந்தையர் இல்லர். நம் மாணவன் வெல்ல வேண்டும் என்று எண்ணாத ஆசிரியரும் இல்லர். அவ்விருப்பத்திற் குற்றமில்லை. ஆனால், அதற்காக ஓர் எண்ணைத் திருத்தக் கை நீளும்போது, வெளியே நிற்கப்போகும் இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் முகத்தை ஒருகணம் நினைத்துப் பார்ப்போமாக.