பூட்டு யார் கையில்?

ஹர்த்தால் என்ற சொல் குஜராத்தி மொழியின் கடைத்தெருவில் பிறந்தது. ‘ஹாட்’ என்றால் கடை, சந்தை. ‘தாள்’ என்றால் பூட்டு. ஆட்சியாளரின் அநீதியை எதிர்த்து வணிகர்கள் கடைகளைப் பூட்டியதே இதன் தொடக்கப் பொருள்.

1919 ஏப்ரல் 6 அன்று, ரௌலட் சட்டத்திற்கு எதிராகக் காந்தி விடுத்த அறைகூவல் இச்சொல்லை நாடெங்கும் பரப்பியது. அது சென்ற இடமெல்லாம் உழைக்கும் மக்கள் அதற்குப் புதுப்பொருள் தந்தனர். இந்தியிலும் உருதுவிலும் அது தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பெயராயிற்று. பூட்டுவதற்குக் கடை இல்லாதவன், தன் உழைப்பையே பூட்டினான். வங்காளத்தில் வேலைநிறுத்தத்திற்குத் ‘தர்மகட்’ என்ற தனிச்சொல் இருப்பதால், ஹர்த்தால் பொதுமுடக்கத்தைக் குறிக்கிறது. கேரளத்தில், 1997இல் நீதிமன்றம் ‘பந்த்’ சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்த பின், ஹர்த்தால் அதன் இடத்தைப் பிடித்தது.

கடல் கடந்தும் இச்சொல் போராடியிருக்கிறது. 1947 அக்டோபர் 20 அன்று, பிரிட்டிஷார் திணித்த அரசியலமைப்பை எதிர்த்து மலாயா முழுவதும் ஹர்த்தால் நடந்தது. இலங்கையில் மானிய அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. இரண்டே மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இன்று ஹர்த்தால் என்றதுமே ‘பொதுமக்களுக்கு இடையூறு’ என்று முதலாளித்துவ ஊடகங்கள் பொருள் சொல்கின்றன. சொல்லின் பொருளை மாற்றும் வேலையில் சட்டமும் இறங்கியுள்ளது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 14 நாள் முன்னறிவிப்பை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் நிபந்தனையாக்குகிறது. 50 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால், அதுவும் வேலைநிறுத்தமாம்! வேலைநிறுத்தம் என்ற சொல்லின் எல்லையை விரிப்பது, வேலைநிறுத்த உரிமையின் எல்லையைச் சுருக்குவதற்கே.

முதலாளி ஆலையைப் பூட்டினால் அது கதவடைப்பு. தொழிலாளி தன் உழைப்பைப் பூட்டினால் அது குற்றமா? கடைக்காரர் கையிலிருந்து தொழிலாளி கைக்கு வந்த பூட்டு இது. இதைப் பறிகொடுக்கவே கூடாது.