வைக்கோல் கொடாமல் செங்கல் கேட்போர்

சென்ற கோடையில் சிவகிரியில் நடந்த தன்னம்பிக்கைப் பயிலரங்கு ஒன்றுக்கு நாமும் சென்றிருந்தோம். 'வேலையிடத்தில் பதற்றமும் தாழ்வு மனப்பான்மையும்: வெல்வது எப்படி?' என்பது தலைப்பு. பேச வந்தவர் நாவன்மை மிக்கவர். சிறு வயதில் சங்கிலியால் கட்டப்பட்ட யானைக்குட்டியின் கதையைச் சொன்னார்; அது மலைபோல் வளர்ந்த பின்னும் சங்கிலியை அறுக்க முயலாததைச் சொன்னார்; வந்திருந்தோரை எழுந்து நிற்கச் செய்து, 'என்னால் முடியும்' என்று மும்முறை முழங்க வைத்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஐயம் இருந்தால் கேட்கலாம் என்றபோது, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். இராசபாளையத்து நூற்பாலை ஒன்றுக்கு நாள்தோறும் வேனில் சென்று வருபவர்.

"ஐயா, முன்ன மூணு சைடு பாத்தேன். ஆள் கொறைஞ்ச பொறவு அஞ்சு பாக்கச் சொல்லுதாங்க. ராத்திரி படுத்தா காதுக்குள்ள மிஷின் ஓடுது. வேலைக்கு லாயக்கில்லாமப் போயிட்டமோன்னு பயமா இருக்கு. தன்னம்பிக்கை வந்தா இன்னும் ரெண்டு கை மொளைக்குமா?"

கூட்டம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். "இதைத்தானம்மா எதிர்மறைச் சிந்தனை என்கிறோம்" என்றார். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. அன்று அந்த மண்டபத்தில் பேசப்பட்டவற்றுள் பொருளுள்ள பேச்சு அவருடைய கேள்வி ஒன்றே என்று இப்போது சொல்லத் துணிகிறோம்.

நூற்பாலையை அறியாதவர்களுக்காக ஒரு சொல். நூற்பு எந்திரத்தின் ஒரு பக்கத்தைச் 'சைடு' என்பார்கள். அதில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழன்றுகொண்டிருக்கும். இழை அறும் இடத்துக்கு விரைந்து சென்று ஒட்ட வேண்டும். தாமதித்தால் பஞ்சு வீணாகும், உருளையில் சுற்றிக்கொள்ளும், மேற்பார்வையாளரின் குரல் கேட்கும். மூன்று பக்கங்களுக்குப் போதுமான கால்களைக் கொண்டு ஐந்து பக்கங்களைச் சுற்றி வந்தால், அவர் இல்லாத பக்கத்தில் எந்நேரமும் ஏதேனும் ஓர் இழை அறுந்தே கிடக்கும். அந்த அம்மாவின் அச்சம் கணக்குத் தெரிந்தவரின் அச்சம். அதற்கு எதிர்மறைச் சிந்தனை என்று பெயர் சூட்டியவருக்குத்தான் கணக்கு வரவில்லை.

விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தை நம்மவர்கள் அறிவார்கள். செங்கல் அறுத்த எபிரேயருக்கு அதுவரை வைக்கோல் கொடுத்து வந்த பார்வோன், ஒரு நாள் அதை நிறுத்தினான். வைக்கோலை அவர்களே தேடிப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். செங்கல் எண்ணிக்கையோ ஒன்றுகூடக் குறையலாகாது. எண்ணிக்கை குறைந்தபோது அடி வாங்கியவர்கள், மேற்பார்வைக்கென நிறுத்தப்பட்டிருந்த எபிரேயர்களே. முறையிடப் போனவர்களுக்கு அரண்மனையில் கிடைத்தது சோம்பேறிகள் என்ற பட்டம். வைக்கோலை நிறுத்தியவன் அவன். குறை மட்டும் அறுப்பவனுடைய மனத்தில்! பார்வோனுக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வாய்க்காமல் போனது எபிரேயரின் நற்பேறு. வாய்த்திருந்தால் அவர்கள் முறையிடப் போயிருக்கவே மாட்டார்கள். தம்மைத் தாமே நொந்துகொண்டு வைக்கோல் பொறுக்கியிருப்பார்கள்.

இது பழங்கதை அல்லவே. கொச்சியைச் சேர்ந்த இளம் பட்டயக் கணக்கர் ஒருவர் 2024 மார்ச்சில் புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்கு அதுவே முதல் வேலை. அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள், 26 வயதில் இறந்தார். அவருடைய தாய் அந்நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடெங்கும் பேசப்பட்டது. சேர்ந்த சில நாள்களிலேயே பதற்றமும் உறக்கமின்மையும் தொடங்கியதை அத்தாய் எழுதியிருந்தார். நெஞ்சு இறுகுகிறது என்று மருத்துவரிடம் சென்றபோது, போதிய உறக்கமில்லை, நேரத்துக்கு உணவில்லை என்பதே கண்டறியப்பட்டதாம். கடின உழைப்பும் விடாமுயற்சியும் வெற்றி தரும் என்று நம்பித் தம் மகள் மேலும் மேலும் தம்மை வருத்திக்கொண்டார் என்றும் எழுதினார். பணிச்சுமையே உயிரைப் பறித்தது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. அந்த வழக்கைத் தீர்க்க நாம் இங்கே அமரவில்லை. நம்மை வாட்டுவது அக்கடிதத்தின் ஒரு செய்திதான்: அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை குறைவாக இருக்கவில்லை. நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே நம்பிக்கை அவரிடம் நிறையவே இருந்தது.

அந்தச் செப்டம்பரிலேயே ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் இச்சாவைக் குறிப்பிட்டு, அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீட்டில் கற்பிக்க வேண்டும், அது இறைப்பற்றால் வரும் என்ற கருத்தில் பேசினார். கண்டனங்கள் எழுந்தபின், இறந்தவரைக் குறைகூறும் நோக்கம் தமக்கு இல்லை என விளக்கினார். நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் பொறுப்பு எங்கிருந்து எங்கே இடம் பெயர்ந்தது, பாருங்கள். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு; முதலாளியிடமிருந்து தாயிடத்துக்கு. அமைச்சரைக் குறை சொல்லுமுன் நம் வாசலைப் பார்த்துக்கொள்வதும் நலம். வேலையில் மனம் உடைந்து வந்து நிற்கும் இளைஞனிடம், 'ஜெபம் குறைந்துவிட்டது தம்பி' என்று நம்முள் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்! செபத்தின்மேல் நமக்குப் பழியில்லை. மேலதிகாரியிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவில்லாத நாம், அதற்குப் பதிலாகச் செபத்தை நீட்டுகிறோமே, அதன்மேல்தான் பழி.

தன்னைத்தான் ஐயுறுவது பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளை இது வேறுவிதமாகத் தாக்குகிறது. 'நான் தகுதியில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டேன். ஒரு நாள் பிடிபடுவேன்' என்று திறமையாளரே அஞ்சுவதை 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் பவுலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் இருவரும் ஆராய்ந்து எழுதினார்கள். சாதனை புரிந்த பெண்களிடம் அவர்கள் அதைக் கண்டார்கள். அந்த ஆய்வை அறியாமலேயே நாம் அதன் தமிழ் வடிவத்தைப் பலமுறை கேட்டிருக்கிறோம். சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கத்து விசைத்தறி வீடுகளிலிருந்தும், பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் பொறியியல் பட்டம் பெற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன முதல் தலைமுறைப் பிள்ளைகள் விடுமுறையில் வந்து சொல்வார்கள். கூட்டத்தில் ஆங்கிலத்தில் வாய் திறக்குமுன் வாக்கியத்தை மனத்துக்குள் மும்முறை ஓட்டிப் பார்ப்பார்களாம். அதற்குள் பேச்சு வேறொன்றுக்குப் போய்விடுமாம். உணவு இடைவேளையில் 'எந்த ஊர்?' என்று கேட்பவர், சிவகிரி என்றதும் விடமாட்டாராம். 'சிவகிரியில் எந்தத் தெரு?' என்பாராம். அந்த இரண்டாவது கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது தென்மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் விளங்கும்.

ஆண்டுக்கணக்கில் பிறர் ஐயுற்றதை ஒரு பிள்ளை தன் குரலில் தனக்கே திருப்பிச் சொல்லிக்கொள்ளும்போது, அதைத் 'தாழ்வு மனப்பான்மை' என்று அவனுடைய நோய்ப் பட்டியலில் எழுதுகிறோம். தெருவைக் கேட்டவருக்கு என்ன நோய் என்று எவரும் எழுதக் காணோம். கண்ணாடி முன் நின்று 'நான் வல்லவன்' என்று சொல்லிப் பார்க்கும்படி அந்தப் பிள்ளைக்கு அறிவுரை வழங்குகிறார்கள். கேள்வி கேட்டவருக்கும் ஒரு பயிலரங்கு வைத்தால் என்ன?

மாற்றம் எவ்வாறு வந்தது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுகள் உண்டு. துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் காலைமுதல் இரவுவரை நின்றபடியே உழைத்தார்கள், கால் வீங்கியது, தெம்பில்லாத உடம்பு என்று தங்களையே நொந்துகொண்டார்கள். கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது ஒரு முக்காலி! எல்லாக் கடைகளிலும் அது வந்துவிட்டதா என்பது வேறு கதை. நம்மூர்க் கடைவீதியில் ஒரு நடை நடந்தால் விடை தெரியும்.

இன்னொன்று, 2023 ஏப்ரல் 21இல் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அது வழி திறந்தது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாளில் திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாள்களில் தமிழகத் தொழிலாளர்களின் எதிர்காலப் பதற்றம் எவ்வளவு தணிந்தது என்பதை எந்தப் பேச்சாளரும் கணக்கிடமாட்டார்.

அண்மையில் நடந்ததையும் பார்ப்போம். 2025 நவம்பர் 4ஆம் நாள் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடுவீடாகப் படிவம் கொடுத்தார்கள்; திரும்ப வாங்கினார்கள்; இரவில் கைப்பேசியில் ஏற்றினார்கள். பல மாநிலங்களில் இப்பணியிலிருந்தோர் அழுத்தம் தாளாமல் இறந்ததாகச் செய்திகள் வந்தன. டிசம்பர் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மன உறுதியை வளர்த்துக்கொள்ளுங்கள் என்றா? கூடுதல் ஆள்களை அமர்த்தி அவர்களுடைய வேலை நேரத்தைக் குறையுங்கள் என்று மாநிலங்களைப் பணித்தது. தக்க காரணமுள்ளவர்களுக்கு விலக்களிப்பதை ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்யச் சொன்னது. காலைமுதல் மாலைவரை தனியாளாய் வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம் மாமனார் இத்திரோ சொன்னதும் இதுவேயன்றோ? இப்படிச் செய்தால் நீயும் தளர்வாய், மக்களும் தளர்வர். ஆள்களைப் பிரித்து அமர்த்து என்றார். மருமகனுடைய நம்பிக்கையை அந்த முதியவர் சோதித்துப் பார்க்கவில்லை. வேலையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், எண்ணினார்.

எண்ண மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெரும் கட்டுமான நிறுவனத்தின் தலைவர், வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிறும் வேலை வாங்க முடியவில்லையே என வருந்துகிறேன் என்ற கருத்தில் பேசியது 2025 சனவரியில் வெளிவந்தது. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத இடர் 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் இடர் 17 விழுக்காடும் மிகுதி என உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஞாயிறு ஓய்வை இழந்த குடும்பம் எப்படி இருக்கும் என்பதை நமக்கு எவரும் புள்ளிவிவரத்தால் விளக்க வேண்டியதில்லை. திருப்பலியில் யார் யார் இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று பார்த்தாலே போதும். அவர்கள் விசுவாசம் இழந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுமுன், வேன் எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரிப்போமா? 2025இல் புதிய திருத்தந்தை லியோ என்னும் பெயரைத் தேர்ந்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அப்பெயரை அவர் தேர்ந்ததற்கு, தொழிலாளர் உரிமை பற்றி 1891இல் சுற்றுமடல் எழுதிய 13ஆம் லியோவே (நம் முன்னோர் அவரைச் சிங்கராயர் என்பார்கள்) முதன்மைக் காரணம் என்று அவரே கூறினார். பெயரைக் கொண்டாடினோம், காரணத்தை எந்தச் சொற்பொழிவிலும் கேட்ட நினைவில்லை.

ஒரு மறுப்பு எழும். அதில் நியாயமும் உண்டு. சுமை குறைவாக இருந்தும் அஞ்சுவோர் இல்லையா? நல்ல அதிகாரி, போதிய சம்பளம், ஆயினும் காலையில் அலுவலகப் படியேறக் கால் நடுங்குவோர் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களையும் இந்த 'என்னால் முடியும்' முழக்கம் கைவிடுகிறது என்பதே நம் வாதம். பதற்றம் நோயானால் அதற்கு மருத்துவரும் மருந்தும் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வெட்கப்படாத நாம், இதற்கு மட்டும் பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் போகிறோம். அல்லது போகாமலே இருக்கிறோம். 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம், மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசுச் சேவை அது. சாக விரும்பிப் பாலைநிலத்தில் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் முதலில் கொண்டுவந்தது அப்பமும் தண்ணீரும். அவர் மீண்டும் உறங்கினார். மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அறிவுரை எதுவும் அங்கே காணப்படவில்லை.

இவ்வாண்டும் அதே மண்டபத்தில் பயிலரங்கு நடத்தப்போவதாக அறிந்தோம். அமைப்பாளர்களுக்கு ஒரு மடல் எழுதியிருக்கிறோம். மேடையில் மூன்று நாற்காலிகள் போதும்: ஒன்றில் மனநல மருத்துவர், ஒன்றில் தொழிற்சங்கம் அறிந்த ஒருவர், நடுவில் அந்த நூற்பாலை அம்மா. கூட்டத்தை வேன் திரும்பி வந்த பிறகு தொடங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. பதாகைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று மட்டும் கேள்வி.