விதியல்ல, நெறிமுறை!

பகலெல்லாம் பள்ளியிலே பாடம் சொல்லுகிறோம். மாலை மங்கியதும் விளக்கடியில் நாமே மாணவராகிறோம். வரலாறு பயின்று கலைப்பட்டம் பெற்ற நாம், கையில் எடுத்திருப்பதோ கணிப்பொறியின் கணித அடிப்படை! கண்டோர் நகைக்கின்றனர். "கல்வெட்டுப் படித்தவருக்குக் கணக்கு எதற்கு? அதற்குப் பிறவியிலேயே மூளை வேண்டுமே!" என்கின்றனர்.

பிறவியிலேயே! எத்தனை பழைய பல்லவி! ஏட்டைத் தொடாதே என்று அன்று தடுத்த நாக்கு, எண்ணைத் தொடாதே என்று இன்று தடுக்கிறது.

நகைப்போருக்கு ஒரு பள்ளி ஆசிரியரைக் காட்டுவோம். ஜார்ஜ் பூல், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1815இல் பிறந்தவர். செருப்புத் தைப்பவரின் மகன். பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றவரல்லர். பதினாறு வயதிலேயே ஆசிரியப் பணி ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். கிடைத்த நேரத்தில் கணிதத்தைத் தாமே கற்றார். ஆசிரியராய் இருக்கும்போதே 1847இல் தருக்கத்தை இயற்கணிதமாக்கி நூல் எழுதினார். 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1937இல் கிளாட் ஷானன் எனும் இளைஞர், அந்த இயற்கணிதமே மின்விசைச் சுற்றுகளுக்குப் பொருந்தும் என்று காட்டினார். இன்றைய கணிப்பொறிகளின் உள்ளே ஓடும் ஒன்றும் சுழியும், செருப்புத் தைத்தவர் மகன் சிந்தித்த வழியில் ஓடுகின்றன! பிறவி பேசுவோர் பதில் பேசட்டும்.

"கற்று என்ன பயன்?" என்பர் அடுத்து. கேளுங்கள். அகரவரிசையில் பத்து இலட்சம் பெயர்கள். அதில் ஒரு பெயரைத் தேட வேண்டும். ஒவ்வொன்றாய்ப் பார்த்தால் பத்து இலட்சம் முறையும் பார்க்க நேரலாம். நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சியதில் மீண்டும் நடுவைப் பார்த்தால் இருபதே முறை போதும். இதுதான் அல்காரிதம் எனும் நெறிமுறை. இதை யார் சொன்னார் என்பதால் நாம் ஏற்கவில்லை. நிறுவிக் காட்டியதால் ஏற்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பட்டியல் வரிசையில் இல்லையெனில் இந்த முறை பொய்த்துப்போகும். அடிப்படை பிழையானால் கணக்கு எவ்வளவு விரைந்தாலும் விடை வீண்!

இதைக் கற்றவன், கடைத்தெருவில் 'கணினி ஜாதகம்' என்று தொங்கும் பலகையைக் கண்டு மயங்குவானா? "கணிப்பொறியே சொல்லிவிட்டது, பொருத்தமில்லை" என்று ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுப்போரிடம் அவன் கேட்பான்: கூட்டல் சரி, கூட்டச் சொன்ன விதியை மெய்யென நிறுவியவர் யார்? ஓலைச்சுவடியில் இருந்த பொய், ஒளித்திரையில் ஏறினால் மெய்யாகிவிடுமா? கடன் மனுவையும் வேலை மனுவையும் பொறி சலித்தெடுக்கும் காலம் இது. "பொறியின் முடிவு" என்று கைவிரிப்போரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா? கேட்கத் தெரியாதவனுக்குப் பொறியே புதிய தலைவிதி!

பொறி முற்றும் அறிந்ததுமன்று. எந்தப் பொறியாலும் தீர்க்கவியலாத கணக்குகள் உண்டென்று 1936லேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார். கணிப்பொறியியலுக்கு அடிகோலியவரே அதன் எல்லையையும் வகுத்துவைத்தார். கும்பிடக் கிளம்பியவர்களோ எல்லையைக் காண மறுக்கின்றனர்.

எளிதென்று பொய் சொல்ல மாட்டோம். கணிதத் தொகுத்தறிதல் எனும் ஒரு பகுதியில் இரு வாரம் தடுமாறினோம். விடைத்தாள் திருத்திய களைப்பில் ஏட்டின்மேல் உறங்கியதும் உண்டு. மூன்றாம் வாரம் விளங்கிற்று. பிறவி மாறவில்லை, பயிற்சிதான் மாறியது.

தோழர்களே! இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பல ஊர்களில் படிப்பகம் உண்டு. வாரத்தில் ஒரு மாலை, நால்வர் கூடி, ஒரு கரும்பலகை முன் அமருங்கள். ஏன் என்று கேட்கப் பழகிய நாம், பொறியின் முன் மட்டும் வாய் பொத்தி நிற்பதா?