மிதக்கும் வீட்டுக்கு முதல் வரைபடம் எது?

2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் மேற்குப் புறநகரில் பல தெருக்கள் நீரில் மூழ்கின. ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த மேனாம்பேடு போன்ற பகுதிகளுக்கு மிதக்கும் வீடு பொருந்துமா? பொருந்தும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் ஏரியின் மேல் அல்ல, பட்டா நிலத்தில்.

நீர்நிலை பொதுச்சொத்து. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே உண்டு. மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் மிதக்கும் தாவரத் திட்டுகளில் குடியிருந்த மீனவர்களின் குடிசைகள், ஏரியைப் பாழாக்குவதாகச் சொல்லி 2011 நவம்பரில் எரிக்கப்பட்டன. ஸ்ரீநகர் தால் ஏரியின் படகு வீடுகள் மீதும் கழிவுநீர்தான் முதல் புகார்.

நெதர்லாந்தின் மாஸ்பொம்மலில் 2005 வாக்கில் கட்டிய வீடுகள் நமக்கு நல்ல முன்மாதிரி. மற்ற நாட்களில் தரையில் அமர்ந்திருப்பவை, வெள்ளம் வந்ததும் உள்ளீடற்ற கான்கிரீட் அடித்தளத்தில் மிதந்து, தூண்களைப் பற்றியபடி மேலே எழும். வேகமாக ஓடும் நீருக்கு இது ஆகாது. மெல்ல ஏறித் தேங்கும் நீருக்கே ஏற்றது.

கணக்கு எளிது. 10 மீட்டருக்கு 6 மீட்டர் அளவுள்ள அடித்தளத்தில் 30 டன் வீடு அரை மீட்டர் அமிழும். அதன்பின் ஏறும் ஒவ்வொரு 600 கிலோவுக்கும் மேலும் ஒரு சென்டிமீட்டர். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். மொட்டை மாடி மூலையில் அதை வைக்கும் நம் பழக்கம் இங்கே வீட்டையே சாய்த்துவிடும். தொட்டி வீட்டுத் தரைக்குக் கீழே, மிதவையின் நடுவில் இருக்க வேண்டும்.

கடினமான பகுதி கழிவுநீர். வீடு எழும்போது வளையாத குழாய் உடையும். நிலத்தடி நீர் ஏறினால் காலியான செப்டிக் டேங்கே மண்ணைப் பிளந்து மேலே வரும்; நிறைந்திருந்தால் கழிவு வெள்ளத்தில் கலந்து அடுத்த வீட்டுக்குள் நுழையும். வீட்டோடு சேர்ந்து மிதக்கும் மூடிய கழிவுத்தொட்டி, வளையும் இணைப்பு, நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஆகிய மூன்றும் கட்டாயம். அடித்தளம் அமர்ந்திருக்கும் குழியில் சேரும் சேற்றையும் குப்பையையும் ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் அகற்றாவிட்டால் வீடு சீராக எழாது. அந்தப் பராமரிப்புச் செலவையும் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கட்டடக் கலைஞர்களுக்கும் பொறியாளர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான்: மிதவையின் வரைபடத்துக்கு முன் கழிவுநீரின் வரைபடத்தைப் போடுங்கள். அது இல்லாத திட்டத்தில் கையெழுத்திடாதீர்கள்.