தண்ணீரில் மருந்து வாடை வரட்டும்

"இன்னைக்குத் தண்ணியில ஒரே மருந்து வாடை. என்னத்தப்பா கொட்டி வச்சே?" பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் தொட்டி ஆபரேட்டர் கேட்கும் வசவு இது. நாலு பேர் திட்டினால் அவர் அளவைக் குறைக்கிறார். இன்னும் நாலு பேர் திட்டினால் போடுவதையே விட்டுவிடுகிறார். பதிவேட்டில் மட்டும் தினமும் போட்டதாகக் கையெழுத்து விழுகிறது. நம் கிராமங்களில் குடிநீர்ப் பாதுகாப்பு பல நேரம் இந்த இடத்தில்தான் கோட்டை விடப்படுகிறது. அந்தத் தவறில் ஆபரேட்டருக்கு ஒரு பங்கு என்றால், திட்டிய நமக்கும் ஒரு பங்கு உண்டு.

விதிகளுக்குக் குறைவில்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 10500. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது. இதற்கு ஆகும் செலவும் சொற்பம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். மூட்டை பிரிந்து மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். அதை அளந்து போட்டும் பயனில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் லேசாக வாடை வருகிறதென்றால், வழியில் சேர்ந்த கிருமியைக் கொல்லும் சக்தி தண்ணீரில் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. 2000 மே மாதத்தில் பெய்த கனமழையில், பக்கத்துப் பண்ணையின் சாண எருவிலிருந்த கிருமி ஊர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையிலான ஆணையத்தின் விசாரணையில் ஒவ்வொன்றாக வெளிவந்தது. ஊழியர்கள் குளோரினை அளக்காமலே பல ஆண்டுகளாகப் பதிவேட்டில் எண்களை எழுதி வந்திருக்கிறார்கள். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று ஊர்க்காரர்கள் புகார் சொன்னதும் அளவு குறைந்ததற்கு ஒரு காரணம். தண்ணீரில் கிருமி இருப்பதாக ஆய்வகம் சொன்ன முடிவு குடிநீர் அலுவலகத்தோடு நின்றுவிட்டது. சுகாதாரத் துறைக்கு உடனே எட்டவில்லை. அரசின் செலவுக் குறைப்பையும் மேற்பார்வைக் குறைவையும் ஆணையம் சேர்த்தே கண்டித்தது. பணக்கார நாட்டில், நல்ல ஆய்வகங்கள் உள்ள இடத்தில் நடந்த கதை இது. நம் ஊர்ப் பதிவேட்டை நாம் ஒருமுறையாவது புரட்டிப் பார்த்திருக்கிறோமா?

தண்ணீர் தொட்டியை விட்டு இறங்கிய பிறகும் ஆபத்து இருக்கிறது. கோடையில் தண்ணீர் வேகம் குறைந்ததும் வீட்டு வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் குடம் வைத்துப் பிடிக்கிறோம். பாத்திரம் கழுவிய நீர், மழைநீர், ஆடுமாடு மிதித்த சேறு எல்லாம் அந்தக் குழியில் தேங்குகின்றன. சப்ளை நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது. மூடாத குழாய் வாய் குழித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறுநாள் காலை அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டுக் குழந்தையின் டம்ளருக்குப் போகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் இதே கேட்டைச் செய்கிறது: எங்கோ விரிசல் விட்ட குழாயைச் சுற்றியுள்ள சாக்கடையை அது உள்ளே இழுக்கிறது. இதை எந்த அதிகாரி வந்து தடுப்பார்? தெருக்காரர்கள் கூடி மோட்டாரைக் கழற்றி, குழியை மூடி, மேட்டுத் தெருவுக்கும் தாழ்ந்த தெருவுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடச் சொன்னால்தான் நடக்கும்.

வசதியுள்ள வீடுகள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டன. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஊரில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் தொட்டியை மறந்துவிட்டால், கேன் வாங்க முடியாத வீடுகளுக்காகக் கேட்க ஆள் இல்லாமல் போகிறது. இது எனக்குப் பெரிய கவலை.

ஆபரேட்டரின் நிலையையும் பார்க்க வேண்டும். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, உயரமான தொட்டியில் ஏறி இறங்கிச் சகதி வழித்துக் கழுவுவது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். அதுவும் சொற்பச் சம்பளத்துக்கு. உறுதியான ஏணி, கையுறை, புதிய பவுடர், தாமதமில்லாத சம்பளம் ஆகியவற்றை ஊராட்சி தர வேண்டும். அதற்கு நாம் குடிநீர்க் கட்டணத்தைப் பாக்கி வைக்காமல் கட்ட வேண்டும். ஆனால், ஊராட்சியும் நாமும் சேர்ந்தாலும் தீராத கேடும் உண்டு: நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு போன்றவற்றைக் குளோரினும் போக்காது, கொதிக்க வைப்பதும் போக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது அதனால்தான். அங்கே அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்க இடமில்லை.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊரில் அந்த ஐவர் யார், சோதனைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரிப்போம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு படிக்கும் முன், கடைசித் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரை எல்லார் முன்னாலும், குளோரின் இருப்பைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் சோதிக்கச் சொல்வோம். மஞ்சள் நிறம் வரவில்லையென்றால், யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று தீர்மானத்தில் எழுதி, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அன்றே அனுப்பச் சொல்வோம்.