காசில் வெட்டிய பெயர் யாருடையது?

பத்திரிகை அலுவலகங்களுக்கு வரும் கடிதங்களுள் ஒரு வகை எக்காலத்திலும் ஓய்வதில்லை. "பழைய காசு ஒன்று கிடைத்துள்ளது. அதில் ஒரு பெயர் காணப்படுகிறது. இது எந்த அரசனுடையது?" என்று வினவுவார்கள். சிலர் வினவுவதோடு நில்லாமல் விடையையும் தாமே எழுதி, நாம் அதை அச்சிட்டால் மட்டும் போதும் என்பார்கள். காசில் பெயர் இருந்தால் அது அரசனின் பெயராகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே அத்தனை ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

அந்த எண்ணம் தவறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளி ரூபாய்களையே பாருங்கள். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் 1806 இல் இறந்துபோனார். கம்பெனியோ 1835 வரையில் அவர் பெயரிலேயே ரூபாய் அடித்தது. கல்முனைக் கரையோரத்தில் இத்தகைய ரூபாயின் பாரசீக எழுத்தை அறபு என்றும், வேதவாக்கியம் என்றும் எண்ணிப் பெட்டகத்தில் பூட்டிவைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பக்தி பிழையன்று, வாசிப்புத்தான் பிழை.

இதனினும் சிக்கலானவை, அச்சகத்திலிருந்து வெளிவந்த பின்னர் வேறொருவர் உளி கொண்டோ முத்திரை கொண்டோ பெயர் குத்திய காசுகள். இவற்றுள் அரசு குத்தியவையும் உண்டு. போர்த்துக்கேயரிடமிருந்து இலங்கைக் கரையோரத்தைப் பறித்த ஒல்லாந்தர், புதுக்காசு அடிக்கும் வரையில் காத்திராமல், பழைய வெள்ளிக் காசுகளின் மேல் தம் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரையைக் குத்திப் புழக்கத்தில் விட்டனர். (வி.ஓ.சி. என்றதும் கப்பலோட்டிய தமிழரை நினைக்க வேண்டாம். அவர் கதை வேறு.) அரசு முத்திரைக்கு ஆவணம் இருக்கும், தேடினால் அகப்படும். தனி மனிதர் குத்தியதற்கு யாரிடம் ஆவணம் கேட்பது?

ஆயினும் அதுவும் முடியாத காரியமன்று. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்கின்ஸ் என்றொரு பல் வைத்தியர் இருந்தார். கைக்கு வந்த செப்புச் சதங்களில் எல்லாம் தம் பெயரைக் குத்தினார். இலவச விளம்பரம்! காசு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் பெயரும் போகும். நாணயவியலாளர் டேவிட் பவர்ஸ் இந்த ஒரு பெயரைப் பின்தொடர்ந்து சென்று, அந்த மனிதரின் வாழ்க்கையை 1987 இல் ஒரு நூலாகவே எழுதிவிட்டார். பல் வைத்தியர் ஒருவருக்கு அங்கே கிடைத்த மரியாதை, நம் ஊர்ப் பெரு வணிகர் எவருக்கும் இங்கே கிடைத்ததில்லை.

நம் நாட்டிலும் மூலப்பொருள் இல்லாமலில்லை. கோப்பிக் காலத்தில் கொழும்பு ஆலைகளில் கோப்பி தெரிந்த பெண்களுக்கு நாட்கூலிக்காக வழங்கப்பட்ட செப்பு வில்லைகளில் கம்பெனிகளின் பெயர்கள் உண்டு. 1843 ஆம் ஆண்டு பொறித்த ஜோர்ஜ் ஸ்ட்டூவர்ட் கம்பெனியின் வேகந்தை ஆலை வில்லை அவற்றுள் ஒன்று. லோஸ்லி 1895 இலும் கொட்றிங்டன் 1924 இலும் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிவைத்தனர். ஆலை முதலாளியின் பெயர் இவ்வாறு பதிவாயிற்று. வில்லையை வாங்கிய பெண்ணின் பெயர் எங்கும் இல்லை.

இனிச் சற்றுக் கசப்பான விடயத்துக்கு வருகிறேன். அம்பாறைக் கரையிலிருந்து தெற்கே, உறுகுணையின் திசமகாராமை அக்குறுகொடையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையான சிறு ஈயக் காசுகள் கிடைத்தன. அவற்றிலே பிராமி எழுத்தில் மனிதர் பெயர்கள். ஒஸ்மண்ட் போபெயாராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் 1999 இல் இவற்றை நூலாக வெளியிட்டனர். பல பெயர்கள் பிராகிருதம். சில ‘அன்’ ஈறு பெற்ற தமிழ்ப் பெயர்கள். ஐராவதம் மகாதேவனும் பேராசிரியர் புஷ்பரட்ணமும் இவற்றை வாசித்துக் காட்டினர். உடனே ஒரு சாரார் ‘முதலில் வந்தவர் நாமே’ என்று முழங்க, மறுசாரார் காசுகளையே சந்தேகித்தனர்.

என் பார்வையில் இரு சாராரும் காசை வாசிக்கவில்லை. தம் கட்சியைத்தான் வாசித்தனர். தமிழ்ப் பெயருடையவரும் பிராகிருதப் பெயருடையவரும் ஒரே சந்தையில் தத்தம் பெயரில் காசு வெளியிடும் வல்லமை பெற்றிருந்தனர் என்பதே அக்காசுகள் சொல்லும் செய்தி. அது சிறிய செய்தியா? ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை முறையான அகழ்வில் அன்றிக் கைமாறி வந்தவை. எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தன என்பது அழிந்துபோயிற்று. சண்டைக்கு இடம் கொடுத்தது அந்த வெற்றிடமே.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் நம் ஊர்களிலும் இதே வெற்றிடம் உருவாகிக்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மனிதரே போனபோது பெட்டகத்தை யார் தேடுவது? எஞ்சியவை தட்டாரின் மூசைக்குப் போகின்றன. இங்கே வீடும் பொருளும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் உண்டு. ஆகவே ஒரு காசு எவ்வழியாக வந்தது என்பதை வீட்டு மூதாட்டிதான் அறிவார். அவரோடு அதுவும் போய்விடும்.

நம்மவர் பெயர் வெட்டுவதில் பின்நின்றவருமல்லர். செப்புக் குடத்திலும் பித்தளைத் தட்டிலும் உடையவரின் பெயரை வெட்டினார்கள். மாட்டின் தோலிலே குடிக்குறியும் எழுத்தும் சுட்டார்கள். காசிலும் எவரேனும் குத்தியிருந்தால் வியப்பில்லை. அப்படியொரு காசு கிடைத்தால் முதலில் பெயரைப் பார்க்காதீர்கள், காசைப் பாருங்கள். 1870 ஆம் ஆண்டு பொறித்த பெரிய செப்பு ஐந்து சதத்தில் பெயர் குத்தப்பட்டிருந்தால், குத்தியவர் அவ்வாண்டுக்கு முந்தியவராக இருக்க முடியாது. பிறகு எழுத்தின் வடிவம்: தமிழா, அறபா, ஆங்கிலமா, உளியால் வெட்டியதா, வார்த்த அச்சால் குத்தியதா. அதன் பின்னரே காணி உறுதிகளிலும் பள்ளிவாசல் ஏடுகளிலும் பெயரைத் தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரே பெயர் பத்து வீட்டில் இருக்கும். ஆகவே தகப்பன் பெயரின் முதலெழுத்தை விட்டுவிடாதீர்கள்.

சட்டத்துக்கு அஞ்சி மறைப்பவரும் உண்டு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தின்படி, நிலத்திலிருந்து எடுத்த பழம்பொருளைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவே வேண்டும். வீட்டுப் பெட்டகத்தில் தலைமுறையாக இருந்த காசைப் படமெடுத்து, அதன் கதையை எழுதிவைப்பதற்கு யார் தடை? ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆண்டுக்கு ஓர் ஊர் என்று அதன் மாணவர் வீடு வீடாகச் சென்றாலே போதும்.

ஒன்றே ஒன்று. படமெடுக்குமுன் காசைப் புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள். மங்கலாக நிற்கும் எழுத்து அதோடு தேய்ந்து போகும்.